அம்மாவும் ஆறு ஓட்டைகளும்

எங்கள் வீட்டுக்கு வர 38 படி ஏற வேண்டும். தபால்காரர் முதல் என் மாமனார் வரை வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்ததும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையன் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டான். மூச்சு மிச்சமிருந்தால்தானே சொல்ல!

குன்னூரில் இது பெரிய அதிசயம் இல்லை. மலையை வெட்டித்தான் ரோடு. ரோட்டுக்கு மேலே வீடு, கீழேயும் வீடு. மேல் வீட்டுக்காரன் ஏறணும், கீழ் வீட்டுக்காரன் இறங்கணும். ஆக மொத்தம் மூட்டு டாக்டருக்கு ரெண்டு பேருமே வேண்டியவர்கள். மேல் வீட்டுக்காரனிடம் கார் இருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு படியேற முடியாதே! அதனால் ரோட்டு மட்டத்திலேயே மலைக்குள் குடைந்து ஒரு ஷெட். முன்பக்கம் ஷட்டர். பின்பக்கம் முழுக்கவும், ரெண்டு பக்கமும் முக்கால்வாசியும் மண். அந்த மண்ணைத் தாங்கிக்கொண்டு எட்டடி உயரத்துக்கு ஒரு கருங்கல் சுவர்.

எங்கள் ஷெட்டில் அப்பாவின் பழைய ஃபியட் நின்றது. அருவங்காடு ஃபேக்டரியில் வேலை பார்த்த காலத்தில், 1988-ல், செகண்ட் ஹாண்டில் வாங்கியது. அப்பா 2015-ல் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கார் ரோட்டைப் பார்க்கவே இல்லை. அம்மாவும் ரோட்டைப் பார்க்காத நாள் வரும் என்று அப்போது யார் கண்டது?

2022-ல் அம்மாவுக்கு முழங்கால் சுத்தமாகப் போயிற்று. ஆபரேஷனுக்கு இதயம் இடம் கொடுக்காது என்று டாக்டர் கைவிரித்தார். "படி மட்டும் ஏறக் கூடாது" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு ஃபீஸை வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட், வெள்ளிக்கிழமை தந்தி மாரியம்மன் கோயில், இடையில் நாலு வீட்டு வாசலில் நின்று பேச்சு என்று இருந்தவள், எட்டு மாசம் மேலேயே கிடந்தாள். 2023 சித்திரைத் திருவிழா மேளத்தை ஜன்னல் வழியாகக் கேட்டாள். மேளம் ஓய்ந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, என்னை ஷெட்டுல கொண்டு போய் விட்டுருடா."

"ஷெட்லயா? கார் நிக்கற எடம்மா அது!"

"உங்கப்பா அந்த வண்டியை எத்தனை வருஷம் அங்க வச்சிருந்தார்? ஒரு நாளாவது இருமிச்சா?"

காலையில் அதை ஸ்டார்ட் பண்ண அப்பா பட்ட பாடும், அது இருமின இருமலும் தெருவுக்கே தெரியும். ஆனால் அம்மாவிடம் வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா போனில் அழுதாள். "பெத்த தாயைக் கார் ஷெட்டுல போட்டான்னு ஊர் பேசும்டா." எனக்கும் அது உறுத்தல்தான். அதனாலேயே அறை பிரமாதமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கவனியுங்கள், 'பார்க்க' பிரமாதமாக. என் வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஃபியட்டை மேட்டுப்பாளையம் மெக்கானிக் ஒருவர் 22,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். உள்ளே இருக்குமே, பின்னால் வரும் வண்டியைப் பார்க்கிற கண்ணாடி, அதை மட்டும் அம்மா கழற்றித் தரச் சொன்னாள். தலை வாரிக்கொள்ளவாம்.

கார் போன பிறகுதான் பின்சுவரை முழுசாகப் பார்த்தேன். பூச்சு அங்கங்கே உப்பியிருந்தது. விபூதி பூசின மாதிரி வெள்ளையாக ஒரு தூள். அடியில், தரையிலிருந்து அரை அடி உயரத்தில், வரிசையாக ஆறு குழாய்கள் சுவரிலிருந்து மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அது கீழே ஒரு வாய்க்காலில் ஓடி, ஷட்டருக்கு அடியில் புகுந்து ரோட்டோரச் சாக்கடைக்குப் போயிற்று. 'எந்த முட்டாள் இதைக் கட்டினான்?' என்று நினைத்தேன். கட்டினவன் முட்டாள் இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாசமும் 64,000 ரூபாயும் ஆயிற்று.

ஆபீஸில் என் பக்கத்து சீட் நண்பர் ஒருவர். ஜாதகம், ஜலதோஷம், ஷேர் மார்க்கெட் மூன்றுக்கும் ஆலோசனை சொல்வார். இலவசம். நான் வாங்கினதிலேயே விலை ஜாஸ்தியானது அதுதான்.

"சிம்பிள் சார். ஓட்டையை சிமென்ட் வச்சு அடைங்க. வாட்டர் புரூஃப் பெயின்ட் ரெண்டு கோட். மரச்சட்டம் அடிச்சு, நடுவுல தெர்மோகோல். மேல பிளைவுட். குளிராவது, ஈரமாவது!"

அப்படியே செய்தேன். தேக்கு மாதிரி பளபளக்கும் பிளைவுட், உள்ளே தெர்மோகோல், ஷட்டர் இருந்த இடத்தில் ஜன்னலும் கதவும், மூலையில் ஒரு சின்ன பாத்ரூம். ஜூன் மாசம் பால் காய்ச்சினோம். அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஹோட்டல் ரூம் மாதிரி இருக்குடா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா அன்று சாயங்காலமே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எட்டு மாசப் பேச்சுப் பாக்கியை வட்டியோடு வசூல் பண்ணினாள்.

ஆகஸ்டில் ஒரு வாசனை வந்தது. நனைந்த கோணிப்பை, காளான், பழைய பெட்ரோல், மூன்றும் கலந்த வாசனை. ஊதுபத்தி ஏற்றினோம். ஊதுபத்தியோடு சேர்ந்து நாலாவது வாசனையாயிற்று. செப்டம்பரில் அம்மா இருமினாள். "வயசாச்சில்ல" என்றாள். எங்கள் முன்னால் இருமலை அடக்கிக்கொண்டு, நாங்கள் மேலே போன பிறகு விட்டு விட்டு இருமுகிறாள் என்பதை என் மனைவிதான் கண்டுபிடித்தாள். "ஏங்க, அத்தை ராத்திரி தூங்கறதே இல்ல. திரும்ப மேல அனுப்பிருவோமோன்னு பயந்துக்கிட்டு வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

அக்டோபர் பின்பாதியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தது. மூன்றாம் நாள் பார்த்தால் பிளைவுட் பூரி மாதிரி உப்பியிருக்கிறது. ஒரு பலகையைக் கழற்றினேன். பின்னால் முழுக்கக் கறுப்பு. தெர்மோகோலின் பின்புறம் முழுக்கப் பூஞ்சை, மரச்சட்டம் கையால் கிள்ளினால் பிட்டு மாதிரி உதிர்ந்தது. அதைவிட, பூச்சில் குறுக்காக ஒரு விரிசல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். அதிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. சுவர் லேசாக வயிறு தள்ளின மாதிரி எனக்குப் பட்டது.

மேஸ்திரி ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அறுபதைத் தாண்டியவர். நுவரெலியா பக்கம் பிறந்து, சின்ன வயசில் அப்பா அம்மாவோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, 'தாயகம் திரும்பியோர்' என்ற பட்டத்தோடு இந்த மலையில் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அங்கேயும் இங்கேயும் தோட்டத்துக் கல்சுவர் கட்டினது அவர் அப்பா. இவர் சுவரைப் பார்க்கவில்லை. தரையோரம் டார்ச் அடித்து எதையோ தேடினார்.

"தம்பி, இங்க வீப் ஹோல் இருந்திருக்குமே?"

"ஆறு இருந்துது. அடைச்சிட்டேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கு ஜலதோஷம் பிடிச்சா மூக்கை சிமென்ட் வச்சு அடைப்பீங்களா?"

பிறகு மெதுவாக, "அம்மாவை இப்பவே மேல கூட்டிட்டுப் போயிருங்க. காலைல பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க" என்றார்.

கணக்கை நான் அப்புறம்தான் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் ஒரு டன் எடையோடு தள்ளும். எட்டடி சுவர் என்றால் கிட்டத்தட்ட ரெண்டரை டன். அப்பாவின் ஃபியட் ஒரு டன்கூட இருக்காது. ரெண்டு ஃபியட்டுக்கும் மேலாக நெட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறது, அதுவும் தண்ணீர் மட்டும். மண்ணின் பாரம் தனி. ஆறு ஓட்டையும் திறந்திருந்தால் அந்தத் தண்ணீர் அங்கே நிற்காது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அன்றைக்கு நானும் ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து 'பாவம்' என்று சொன்னவன்தான். இப்போது என் அம்மாவின் தலைமாட்டிலேயே அதற்கு ஏற்பாடு செய்து, மேலே தேக்கு டிசைனும் ஒட்டி வைத்திருந்தேன்.

அன்று ராத்திரி கொட்டுகிற மழையில், பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்து, நானும் பக்கத்து வீட்டுப் பையன்கள் மூன்று பேரும் தூக்கிக்கொண்டு 38 படி ஏறினோம். என் மனைவி குடை பிடித்தாள். "சாமி ஊர்வலம் வருது, வழி விடுங்க!" என்று அம்மா சிரித்துக்கொண்டேதான் வந்தாள். மேலே இறக்கி வைத்ததும் பழைய கட்டிலைப் பார்த்தாள். "அவ்வளவுதானா கண்ணு?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் மேஸ்திரி ஆறு ஓட்டையையும் உளி வைத்துத் திறந்தார். முதலில் சேறு, அப்புறம் தண்ணீர். ஒரு பகல் முழுக்க ஓடிற்று.

அதற்குப் பிறகு அவர் செய்ததை ரசித்துப் பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும். மழை விட்டு ஒரு வாரமாகியும் மூன்றாவது ஓட்டை மட்டும் நிற்காமல் ஓடியது. குனிந்து முகர்ந்தார். என்னையும் முகரச் சொன்னார். எலுமிச்சம்பழ வாசனை!

"வீட்டம்மா எந்த சோப்புல பாத்திரம் கழுவறாங்க?" என்று கேட்டுவிட்டு, "சொட்டு நீலம் இருந்தா மேல சிங்க்ல ஒரு பாட்டில் ஊத்தித் தண்ணியைத் திறந்துவிடச் சொல்லுங்க" என்றார். சாயங்காலம் மூன்றாவது ஓட்டையிலிருந்து இளநீலமாகத் தண்ணீர் வந்தது. சமையலறைக் குழாய் மண்ணுக்குள்ளே எங்கேயோ உடைந்து, எத்தனை வருஷமாகவோ நாங்கள் கழுவின பாத்திரத் தண்ணீரெல்லாம் நேராக அந்தச் சுவருக்குத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மலையைத் திட்டின பாவத்தில் பாதி எங்கள் சிங்க்கைச் சேரும். குழாயை மாற்றினோம். ஷெட்டுக்கு மேலே சரிவில், மழைத் தண்ணீர் சுவருக்கு வருமுன்பே பிடித்துப் பக்கத்தில் தள்ளிவிட ஒரு வாய்க்கால் கட்டினோம். எல்லாம் மண்வெட்டியும் கடப்பாரையும்தான். நீலகிரியில் அனுமதியில்லாமல் மண் வெட்டும் இயந்திரம் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது.

விரிசல் பூச்சோடு நின்றிருந்தது, கல் நகரவில்லை என்று இஞ்சினியர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. பழைய பூச்சையெல்லாம் கொத்தி எடுத்துக் கல்லைக் காயவிட்டோம். ஜனவரியில் மேஸ்திரி ஒரு பாலிதீன் தாளை, ஒரு சாண் நீள அகலத்துக்கு வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டினார்.

"ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. தாளுக்குப் பின்னால தண்ணி இருந்தா அது மலையிலிருந்து வருது. முன்னால இருந்தா அது ரூம்லேர்ந்து வருது."

பின்னால் காய்ந்திருந்தது. முன்னால் முத்து முத்தாக வியர்த்திருந்தது! இது எனக்குப் புது சமாசாரம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த சோடா பாட்டில் வெளியே வியர்க்குமே, அதே கதை. மனுஷர் ஒருவர் தூங்கும்போது ஒரு ராத்திரிக்கு ஒரு டம்ளர் தண்ணீராவது மூச்சிலும் வியர்வையிலும் காற்றில் கலக்கிறது. டிசம்பர், ஜனவரியில் வெளியே பத்து டிகிரிக்குக் கீழே இறங்குகிற ஊர். அந்தக் கதகதப்பான ஈரக் காற்று ஜில்லென்ற கல்லைத் தொட்டால் அங்கேயே தண்ணீராகிவிடும். நான் முதலில் செய்த வேலையில் தெர்மோகோலுக்கும் சுவருக்கும் நடுவே சந்து. அறைக் காற்று அந்தச் சந்தில் புகுந்து குளிர்ந்த சுவரில் வியர்த்தது. மலை ஒரு பக்கம், அம்மாவின் மூச்சு ஒரு பக்கம், நடுவில் மாட்டிக்கொண்ட ஈரத்தில் பூஞ்சை குடித்தனம் நடத்தியது. வாடகை என் அம்மாவின் நுரையீரல்.

இந்த முறை, கருங்கல் சுவரிலிருந்து அரை அடி தள்ளி உள்ளே இன்னொரு சுவர், நாலங்குல பிளாக்கில். ரெண்டு சுவருக்கும் நடுவில் ஆறு ஓட்டையும் இஷ்டத்துக்கு ஒழுகலாம். அடியில் வாய்க்கால், வெளியே போக வழி, காற்றுப் போக ரெண்டு துவாரம். உள் சுவரின் அறைப் பக்கத்தில் ரெண்டு அங்குல கெட்டி ஃபோம் பலகை. எக்ஸ்.பி.எஸ். என்பார்கள், தெர்மோகோலுக்குப் பெரியப்பா பிள்ளை, தண்ணீர் குடிக்காது. ரெண்டு அங்குலம்தான், ஆனால் குளிரைத் தடுப்பதில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கனமுள்ள செங்கல் சுவருக்குச் சமம். அதைச் சந்து இல்லாமல் சுவரோடு சுவராக ஒட்டி, பலகைக்குப் பலகை இணைப்பில் டேப் போட்டோம். காற்று பின்னால் போனால்தானே வியர்க்கும்! ஃபோம் நெருப்புப் பிடிக்கிற சாமான், அப்படியே விடக்கூடாது என்று மேலே சிமென்ட் போர்டு. அதுவும் தரையைத் தொடாமல் அரை அங்குலம் தூக்கி. பக்கச் சுவர்களுக்கும் தரைக்கும் என்ன செய்தோம் என்று சொல்ல ஆரம்பித்தால் இந்த இதழ் போதாது. பாத்ரூமுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டேன், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வெந்நீர் ஆவி பெரிய எதிரி.

இதெல்லாம் ஆகி 1,85,000 ரூபாய், அறையில் நீளவாட்டில் ஓரடி நஷ்டம். பி.எஃப். லோன் போட்டேன். லோன் ஃபாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்து சீட் நண்பர் எட்டிப் பார்த்து, "ஓட்டையை அடைக்காதீங்கன்னு நான் அப்பவே சொன்னேனே சார்!" என்றார். பேனா முனை உடைந்ததற்கு அதுதான் காரணம்.

மேஸ்திரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். உள் சுவரின் அடியில் ஒரு அடிக்கு ஒரு அடியில் சின்னக் கதவு வேண்டும். "ஓட்டையில வேர் வரும், மண் வரும். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பார்த்துக் குத்தி விடணும். மூடிட்டு மறந்துராதீங்க." பார்க்க நன்றாக இருக்காதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டேன்.

2024 மார்ச்சில் அம்மா மறுபடி இறங்கினாள். அதே நாற்காலி, அதே நாலு பேர். சித்திரைத் திருவிழாவுக்கு ஆட்டோ வாசலிலேயே வந்து நின்றது. கோயிலிலிருந்து திரும்பியபோது அவள் கையில் பொரி, கடலை, ரெண்டு டஜன் வளையல், ஊர் வம்பு அத்தனையும் இருந்தது. ராத்திரி ஜன்னலுக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்டேன். இருமல் இல்லை. குறட்டைதான். அப்பாவுக்கு மேல்!

அந்த வருஷம் அக்டோபரில் ஒரு ராத்திரி. இடி, கரண்ட் இல்லை, கூரையைப் பிய்க்கிற மாதிரி மழை. எனக்குப் படுக்கை கொள்ளவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு 38 படியும் இறங்கி ஓடினேன். கதவைத் தட்டினேன், திறந்தேதான் இருந்தது.

அம்மா கட்டிலில் இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு அந்தச் சின்னக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் டார்ச். இன்னொரு கையில் அப்பாவின் ஃபியட் கண்ணாடி. அதைச் சந்துக்குள் நீட்டி, ரிவர்ஸ் எடுக்கிற டிரைவர் மாதிரி இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? அஞ்சு நல்லா ஓடுது. மூணாவது மட்டும் சன்னமா வருது கண்ணு."

"அது சிங்க் தண்ணி நின்னுபோச்சில்லம்மா, அதான் கம்மியா வருது."

"அது எனக்கும் தெரியும். எதுக்கும் ஒரு குச்சி எடுத்துட்டு வா."